உணவைக் குறைத்தும் உடல் எடை இறங்க மறுப்பது ஏன்?

உணவைக் கட்டுப்படுத்தி, நாள்தோறும் தவறாது நடைப்பயிற்சியும் செய்துவருபவர்களில் பலர், சில மாதங்களுக்குப் பின்னர் தமது எடை குறைவது நின்றுவிட்டதாக மருத்துவர்களிடம் முறையிடுகின்றனர். இவர்கள் யாருக்கும் தெரியாமல் உண்கிறார்கள், அல்லது சோம்பேறிகள் என்பதே நெடுங்காலமாக நிலவிவந்த எண்ணம். குடும்பத்தார் மட்டுமன்றி, மருத்துவர்கள் சிலரும் அவ்வாறே நம்பினர்.

அந்த எண்ணத்துக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. எவ்வளவு குறைவாக உண்டாலும் எடை குறைவதில்லை என்று கூறிய ஒரு சிறு குழுவினரை நியூயார்க்கில் ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1992இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் உண்மையில் உட்கொண்ட கலோரிகளில் ஏறக்குறைய பாதி அவர்களது கணக்கில் வரவில்லை என்பதும், செய்த உடலுழைப்பை அவர்கள் மிகைப்படுத்திக் கூறியிருந்தனர் என்பதும் அதில் தெரியவந்தது. ஆனால் இதனை ஏமாற்று வேலையாகக் கொள்வது நியாயமல்ல. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சுமார் 120 கலோரிகள் உள்ளன. அரை மணி நேர நடையில் செலவாகும் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவே. தாளிக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால், அந்த நாளின் நடை கணக்கில் காணாமற் போய்விடும்.

எனினும், கணக்குப் பிழை மட்டுமே காரணம் என்ற வாதம் பின்னர் வந்த ஆய்வுகளின் முன் நிற்கவில்லை.

உடலின் எதிர்ப்பு

அமெரிக்காவில் 2009இல் ஒளிபரப்பான 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை, கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தது. 30 வாரங்களில் சராசரியாக 58 கிலோ எடையை இழந்திருந்த அவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆயினும் ஓய்வு நிலையில் அவர்களது உடல் செலவிட்ட சக்தி, எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரிகள் குறைவாகவே இருந்ததாக 2016இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. இது மிகக் கடுமையான முறையில் எடை குறைத்தவர்களின் நிலை. மிதமாகக் குறைப்பவர்களிடம் இந்த வீழ்ச்சி சிறிதாகவே இருக்கும்.

பசியும் இதில் பங்கு வகிக்கிறது. கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டறியப்பட்டது. உடலில் போதிய கொழுப்பு சேமிப்பில் உள்ளது என்று மூளைக்கு அறிவிப்பது அதன் பணி. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சகாலமாகவே புரிந்துகொள்கிறது. எடை குறைத்தவர்களை மெல்பர்னில் ஆராய்ந்த ஒரு குழு, ஓராண்டு கடந்த பின்னரும் அவர்களிடம் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்ததாக 2011இல் தெரிவித்தது. பஞ்சத்தைத் தாண்டி வாழ வேண்டியிருந்த மனித இனத்துக்கு ஒரு காலத்தில் உயிர் காத்த ஏற்பாடு இது.

செமாக்ளுடைட் போன்ற புதிய மருந்துகள் இந்தப் பசியைத்தான் அடக்குகின்றன. அம்மருந்தை நிறுத்தியவர்கள், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மனவுறுதி ஒன்றே இதற்குத் தீர்வென்றால் இவ்வாறு நிகழ்ந்திராது.

தைராய்டுக் குறைபாடு, பெண்களின் சினைப்பைக் கோளாறுகள், இன்சுலின், ஸ்டீராய்டு மற்றும் சில மனநோய் மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டக்கூடும் என்பதால், எடை குறையாதவர்கள் மருத்துவரிடம் அவை பற்றிக் கேட்டறிவது பயன் தரும்.

சென்னை ஆய்வு சொல்வது

உடற்பயிற்சியால் மட்டும் எடையைப் பெருமளவு குறைப்பது கடினம். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுவதும் நடந்தும் கூட, உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், மேலை நாட்டவர் செலவிடும் அளவு சக்தியையே செலவிடுகின்றனர் என்று 2012இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஓரிடத்தில் கூடும் செலவை உடல் வேறோர் இடத்தில் மிச்சப்படுத்துகிறது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். இது குறித்து இன்னமும் விவாதம் தொடர்கிறது.

இங்கேதான் பலர் மனமுடைந்து நடையையே கைவிடுகின்றனர். இது பெரும் இழப்பு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களிடம் மூன்றாண்டுகளில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. குறிப்பிடத்தக்க விஷயம், அவர்களது உடல் எடை ஏறக்குறைய மாறாமலே இருந்தது. எடைக்கருவியில் தெரியாத ஒரு மாற்றம் உடலுக்குள் நிகழ்ந்திருந்தது.

தெற்காசியர்களுக்கு, அவர்கள் கொழும்பில் வாழ்ந்தாலும் டொராண்டோவில் வாழ்ந்தாலும், இந்த முடிவு கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. ஒல்லியாகத் தோன்றும்போதே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் உடலமைப்பு இவர்களிடம் அதிகம். எனவேதான் உடல் நிறை குறியெண் 25ஐத் தாண்டினால் கவலை கொள்ள வேண்டும் என்ற பொது அளவு ஆசியர்களுக்குப் போதாது என்றும், 23இலேயே கவனம் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. எடைக்கருவியைவிட அளவுநாடா இவர்களுக்கு அதிகம் சொல்லும்: இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் கைக்கொள்ளும் வரையறை.