தலையணைப் பணமும் தபுங் ஹாஜியும்

வட்டிக்கு அஞ்சி வங்கியை விலக்கிய எளிய முஸ்லிம்கள் தம் சேமிப்பை எங்கே வைத்தனர்? மலாயாவின் கிராமங்களில் அது தலையணைக்குள்ளும் மூங்கில் குழாயிலும் இருந்தது. நெல் விவசாயி ஹஜ்ஜுக்காக ஆண்டுக்கணக்கில் சேர்ப்பார். போதாமற்போனால் நிலத்தையும் எருமையையும் விற்பார். ஹாஜியாக ஊர் திரும்புகையில் உழுவதற்கு வயல் இராது.

முடங்கிக் கிடக்கும் பணம் பாதுகாப்பானது என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அநாதைகளின் செல்வத்தை ஸகாத் தின்றுவிடாதபடி வணிகத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு ஸகாத் கொடுத்துவரின், பெருக்கப்படாத 100 ரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 60 ரூபாயாகிவிடும். விலைவாசி உயர்வு இக்கணக்கில் சேரவில்லை.

1959ஆம் ஆண்டு உங்கு அஸீஸ் என்னும் மலாயாப் பொருளியல் அறிஞர், ஹஜ் செல்ல விரும்புவோரின் பொருளாதார நிலையை மேம்படுத்தும் திட்டமொன்றை முன்வைத்தார். வட்டியின்றிச் சேமிப்பைத் திரட்டி, அதனை ஹலாலான தொழில்களில் முதலீடு செய்து, இலாபத்தைப் பகிர்வதே அதன் சாரம். 1963இல் அத்திட்டம் செயற்படத் தொடங்கியபோது 1,281 பேர் சேர்ந்தனர். வைப்புத்தொகை சுமார் 46,600 வெள்ளி. 1969இல் ஹஜ் விவகார அலுவலகத்துடன் இணைந்து, பின்னாளில் 'தபுங் ஹாஜி' என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்தில் இன்று 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமிக்கின்றனர்.

அப்பணம் செம்பனைத் தோட்டங்கள், கட்டடங்கள், நிறுவனப் பங்குகள், ஸுகூக் எனப் பலவாறாகப் பிரிந்து சென்றது. ஒரு துறை நலிந்தால் மற்றொன்று தாங்கும் என்பதே நோக்கம். இலாபத்துக்குரிய ஸகாத்தை நிறுவனமே செலுத்திய பின்னரே எஞ்சியது வைப்பாளர் கணக்கில் சேரும். மாதம் பத்து வெள்ளி போட்ட மூதாட்டிக்கும் தோட்டத்தில் பங்கு கிடைத்தது. என் பார்வையில், கடந்த நூற்றாண்டில் முஸ்லிம் சமூகம் கண்ட சிறந்த பொருளாதார ஏற்பாடுகளுள் இது ஒன்று.

எனினும், பிரித்து முதலிட்ட பணத்தின் பெரும்பகுதி ஒரே நாட்டுக்குள் நின்றது. பன்னாட்டுப் பங்குகளை ஷரீஅத் அளவுகோலால் சலித்தெடுக்கும் டவ் ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீடு 1999இல் வந்தது. மது, பன்றி இறைச்சி, வட்டித் தொழில் ஆகியவற்றோடு கடன் மிகுந்த நிறுவனங்களையும் அது விலக்கியது. அதன் பின்னரே சாதாரண முஸ்லிமின் முதலீடு எல்லை கடந்து பல நாடுகளில் பரவுவது எளிதாயிற்று.

2018இல் மலேசிய அரசு வெளியிட்ட விவரம் பலரைத் திடுக்கிடச் செய்தது. முந்தைய ஆண்டு முடிவில் தபுங் ஹாஜியின் பொறுப்புகள் சொத்துகளைவிட 410 கோடி வெள்ளி மிகுந்திருந்தன. சொத்து குறைந்திருக்கையில் இலாபம் பகிர்வதை அதன் சட்டமே தடுக்கிறது. ஆயினும் இலாபம் வழங்கப்பட்டது. மதிப்பிழந்த உள்நாட்டுப் பங்குகளையும் நிலங்களையும் அரசு நிறுவனமொன்று ஏற்றுக்கொண்டது. வைப்புத்தொகைக்கு அரசின் உத்தரவாதம் இருந்தமையால் எவருடைய முதலும் அழியவில்லை. ஆனால் அவ்வாண்டு வைப்பாளர்களுக்குக் கிடைத்த இலாபம் 1.25 விழுக்காடு மட்டுமே.