இரண்டு ஏடு, ஒரு கடவுச்சொல்

1997 மே மாதம் விண்டோஸ் என்.டி. 4.0க்கு மூன்றாவது சர்வீஸ் பேக்கை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதை நிறுவியதும், அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த யூனிக்ஸ் சர்வர் கோப்புகள் பல இடங்களில் திறக்க மறுத்தன. கடவுச்சொல்லில் பிழை இல்லை. யூனிக்ஸில் நேரடியாக நுழைந்தால் அதே சொல் செல்லும். விண்டோஸ் வழியாகப் போனால் மட்டும் செல்லாது!

இரண்டுக்கும் நடுவே நின்றது சாம்பா என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. முதல் வடிவம் 1992ல் வந்தது. யூனிக்ஸ் கணினியை விண்டோஸ் சர்வர் போலக் காட்டுவது அதன் வேலை. சாம்பா கேட்டால் விண்டோஸ் கணினி கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். சாம்பா அதை யூனிக்ஸ் பட்டியலோடு ஒப்பிடும். வழியில் ஒட்டுக்கேட்பவர் எவரும் படித்துவிடலாம் அல்லவா? சர்வீஸ் பேக் அந்த வழக்கத்தை நிறுத்தியது. சரியான முடிவுதான், ஆனால் பலருக்கு அன்றைய வேலை கெட்டது.

சரி, யூனிக்ஸ் பட்டியலை விண்டோஸ் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் வினை. யூனிக்ஸ் கடவுச்சொல்லைச் சேமிப்பதே இல்லை. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979ல் விளக்கிய முறைப்படி, அந்தச் சொல்லைச் சாவியாக்கி டெஸ் குறியாக்கத்தை 25 முறை ஓட்டி, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. விண்டோஸில் கணக்கே வேறு. பழைய லேன் மேனேஜர் முறை எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, 14 எழுத்தை ஏழு ஏழாக வெட்டும், என்.டி. முறை எம்.டி.4 என்ற இன்னொரு சூத்திரம். பாஸ் புத்தகமும் ரொக்க ஏடும் ஒத்துப்போகாவிட்டால் சரிகட்டும் பட்டியல் போடலாம். இங்கே இரண்டு ஏடும் கையில் இருந்தும் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுத முடியாது.

ஆக, இரண்டையும் ஒன்றாக்கக் கிடைப்பது ஒரே தருணம்: பயனர் புதுச் சொல்லைத் தட்டும் நொடி. சாம்பா அதைப் பிடித்துக்கொண்டு, ரூட் அதிகாரத்தோடு யூனிக்ஸின் கடவுச்சொல் நிரலை இயக்கி, அது கேட்கும் கேள்விகளுக்கு மனிதர் மாதிரியே பதில் தட்டும்! இந்த உரையாடலை நிர்வாகி முன்பே எழுதிவைக்க வேண்டும். கேள்வியின் வாசகமோ யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் மாறும். ஒரு சொல் பொருந்தாவிட்டாலும் மாற்றம் தோற்றுவிடும். யூனிக்ஸ் பக்கம் தோற்றால் விண்டோஸ் பக்கமும் மாறக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். (பாதி மாறிய நிலையைவிடப் பழைய நிலையே மேல்.) எங்கே தவறுகிறது என்று பார்க்க ஒரு வசதியும் உண்டு. அதை இயக்கினால் முழு உரையாடலும், புதுக் கடவுச்சொல் உள்பட, பதிவுக் கோப்பில் பச்சையாக விழும். வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால்...

இத்தனைக்கும் இது ஒருவழிப் பாதை. ஒருவர் யூனிக்ஸிலேயே நேரடியாக மாற்றிக்கொண்டால் சாம்பாவுக்குத் தெரியாது.

பட்டியல் ஒன்றே இருந்தால் ஒத்திசைக்கும் தலைவலியே இல்லை. எம்.ஐ.டி.யில் 1983ல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் இந்த வழியில் போனது. விண்டோஸ் 2000 அதையே ஆக்டிவ் டைரக்டரியில் எடுத்துக்கொண்டது. சாம்பா தானே அப்படியொரு டைரக்டரி சர்வராக நிற்க 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு வரை ஆயிற்று.