காரணமில்லாத் துயரமும் காந்தச் சுருளும்

துயரம் இருவகைப்படும் என்று எழுதிவைத்தார் அபூ ஸைத் அல்-பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு வட்டாரத்தில் கி.பி. 850 வாக்கில் பிறந்து, இராக்கில் கல்வி கற்று, 934இல் மறைந்த பேரறிஞர் அவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் அவரது நூல் உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்தே பேசுகிறது. அன்புக்குரியவரை இழந்தவர் துயரமும் பொருளை இழந்தவர் துயரமும் ஒருவகை, காரணம் கண்கூடு. மற்றதற்கோ காரணம் தெரியாது. இன்னதென்று சொல்லவியலாத வாட்டம் வந்து கவிந்து, எதிலும் இன்பமின்றிச் செய்து, எழுந்து நடமாடவும் விடாது. இதன் வேர் உடலில், குருதியில் உள்ளது என்றார் பல்கீ. குருதி என்றது அக்கால மருத்துவம் எட்டிய எல்லை. ஆனால் உடலில் வேர்கொண்ட துயருக்கு உடல்வழியும் மருந்து வேண்டும் என்ற அவர் முடிவு பழுதின்றி நிற்கிறது.

இந்நூலை அறியுமுன், வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த இளைஞர் ஒருவரிடம் ‘ஈமான் குறைவு’ என்று நாமே சொல்லியிருக்கிறோம். அவரோ ஐவேளைத் தொழுகையை விடாதவர். அச்சொல்லை நினைக்க இன்றும் நாக் கூசுகிறது.

பல்கீ குருதியில் கண்ட வேரைப் பிற்காலத்தார் மூளையில் தேடினர். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் இருவர் தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் முறையைத் தொடங்கினர். அது பலரைக் காத்தது; மயக்க மருந்தின்றிச் செய்த அந்நாளில் பேரச்சத்தையும் விளைத்தது. நினைவு தடுமாறுவதும் உண்டு.

மண்டையோடு மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. மாறும் காந்தம் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் என்பதை 1831இலேயே ஃபாரடே காட்டியிருந்தார். 1896இல் பாரிசில் தார்சொன்வால், கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்தவர் கண்ணில் ஒளிப்பொறி தோன்றக் கண்டார். எனினும் 1985இல்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் தோழர்களும் தலைமேல் பிடித்த சுருளால் கையை அசைத்துக் காட்டினர். நரம்புப் பாதையைச் சோதிக்கவே அக்கருவி எழுந்தது. சோர்வைத் தீர்க்க அன்று.

1995இல் அமெரிக்காவில் மார்க் ஜார்ஜும் குழுவினரும், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுடைய ஆறு பேருக்கு, முன்மூளையின் இடப்பக்கத்தில் நாள்தோறும் காந்தத் துடிப்பைச் செலுத்தினர். சிலர் தேறினர். 2008இல் அந்நாட்டரசு இச்சிகிச்சைக் கருவிக்கு ஒப்புதல் தந்தது.

நோயாளி விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். மரங்கொத்தி கொத்துவதுபோல் ஓசை, தலையில் தட்டும் உணர்வு, அவ்வளவே. பெரும்பாலும் வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம் வரை. எல்லார்க்கும் பலிப்பதில்லை. வலிப்பு கண்டவரும் தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவரும் மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். பல்கீ மருந்தோடு ஆறுதலுரையையும் சேர்த்தே வகுத்தார். இன்று சுருளின்கீழ் அமர்பவர்க்கும் பேச்சு மருத்துவத்தை உடன் தரும் மருத்துவர் பலர் உளர்.