ஹிஜ்ரி 1327: ஒரு பாக்கெட் கடிகாரத்தின் வயது

கடல் கடந்து வணிகம் செய்த நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில், தேக்குப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்த பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்று இருப்பதைக் காணலாம். கடிகாரம் நின்று பல்லாண்டுகள் ஆகியிருக்கும். அதைப் பற்றிய கதை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் குடும்பத்துக் கடிகாரத்தின் கதை, எங்கள் கொள்ளுப்பாட்டனாருக்குத் துருக்கி சுல்தான் அன்பளித்தது என்பது. இருநூறு ஆண்டுப் பழமையானது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

கதையாகவே இருந்திருந்தால் யாருக்கும் இடையூறில்லை. ஆனால் பாட்டனார் மர்ஹூம் ஆனபின் பங்கு பிரிக்காமல் விட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. வாப்பாவும் பெரிய வாப்பாவும் மாமிமார் இருவரும் வாரிசுகள். ஆணுக்கு இரு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்குமாக ஆறு பங்குகள். பெரிய வாப்பா கடிகாரத்தைத் தாமே வைத்துக்கொண்டு மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுக்க விரும்பினார்கள். அப்படியானால் அதன் மதிப்பு என்ன? சுல்தானின் பரிசு என்றால் ஒரு விலை. கடையில் வாங்கிய கடிகாரம் என்றால் வேறு விலை. மிகைப்படுத்திய கதையால் பெரிய வாப்பா அதிகம் கொடுக்க நேரலாம். அலட்சியமான மதிப்பீட்டால் மாமிமாரின் ஹக்கு குறையலாம். ஆகவே கடிகாரத்தையே சாட்சியாக விசாரிப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் சாட்சி முகப்பு. வெள்ளை எனாமல் முகப்பில் எண்கள் அரபு வடிவில் உள்ளன. நடுவில் பிரெஞ்சு எழுத்தில் ‘கே. செர்கிசாஃப், கான்ஸ்டாண்டினோபிள்’ என்ற பெயர். இஸ்தான்பூலின் அக்காலப் பெயரைக் கண்டதும் சுல்தான் கதை மெய்யாகிவிட்டது என்று வீட்டில் சிலர் மகிழ்ந்தார்கள். செர்கிசாஃப் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உஸ்மானியச் சந்தைக்காகச் சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களைச் செய்வித்து விற்ற வணிக நிறுவனம். முகப்பில் காணும் பெயர் செய்தவருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, விற்றவருடையதாகவும் இருக்கலாம். நம் நாட்டிலும் பம்பாய், கல்கத்தா, சென்னைக் கடைகளின் பெயர்கள் இப்படிச் சுவிஸ் கடிகாரங்களின் முகப்பில் ஏறியதுண்டு. பழங்கடிகாரம் வைத்திருப்போர் இந்த வேறுபாட்டை மறத்தலாகாது.

இருநூறு ஆண்டு என்ற கூற்று முகப்பைத் தாண்டியதும் விழுந்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் உஸ்மானியச் சந்தைக்கு அரபு எண்களிட்ட கடிகாரங்களை அனுப்பியவர்களில் லண்டன்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஜார்ஜ் பிரையர், எட்வர்ட் பிரையர், மார்க்விக் மார்க்ஹம் ஆகிய பெயர்கள் அவற்றில் அடிக்கடி வரும். அவை தடித்த கடிகாரங்கள். ஒன்றினுள் ஒன்றாக மூன்று, சிலவேளை நான்கு கூடுகள் இருக்கும். வெளிக்கூட்டில் ஆமையோடு பதித்திருப்பதும் உண்டு. உள்ளே கூம்பு வடிவ உருளை ஒன்றும், அதைச் சுற்றி மிதிவண்டிச் சங்கிலியை நுண்ணியதாக்கினாற்போன்ற சங்கிலியும் காணப்படும். முறுக்குவதற்குத் தனிச் சாவி வேண்டும். அந்தச் சாவி தொலையாத வீடு அரிது.

எங்கள் கடிகாரத்தில் சாவித் துளையே இல்லை. மேலேயுள்ள குமிழைத் திருகினால் வில் முறுக்கேறுகிறது. முட்களை நகர்த்த, குமிழின் அருகிலுள்ள சிறு ஊசிமுனையை நகத்தால் அழுத்திக்கொண்டு திருகவேண்டும். சாவியில்லாமல் முறுக்கும் இவ்வமைப்பைப் பிரான்சு நாட்டவரான அட்ரியன் பிலிப் 1842இல் செய்து காட்டினார். எளிய விலைக் கடிகாரங்களிலும் அது பரவலாவதற்கு அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதி ஆகிவிட்டது. நகத்தால் அழுத்தும் முறை அக்காலத்துச் சுவிஸ் கடிகாரங்களில் மிகுதியாகக் காணப்படுவது.

பின்மூடியை நாங்களே கத்தியால் நெம்பாமல், பழங்கடிகாரம் பழகிய பெரியவர் ஒருவரிடம் கொடுத்துத் திறந்தோம். உட்புறத்தில் 0.800 என்ற எண்ணும், அதன் அருகே உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் சிறு பறவை முத்திரையும் இருந்தன. அந்தப் பறவை ஒருவகைக் காட்டுக்கோழி. 1880 டிசம்பரில் சுவிட்சர்லாந்து இயற்றிய சட்டத்தின்படி, ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளியுள்ள கூடுகளுக்கு இட்ட அரசு முத்திரை அது. 875 பங்கு வெள்ளிக்குக் கரடி. 14 காரட் தங்கத்திற்கு அணில். 18 காரட்டிற்குப் பெண் தலை. முகப்பையும் முட்களையும் பின்னால் மாற்றியிருக்கலாம். கூட்டில் அடித்த அரசு முத்திரையை அவ்வாறு எளிதில் மாற்றமுடியாது. எங்கள் கடிகாரத்திற்கு இதுவே கீழெல்லை: 1880க்கு முற்பட்டதன்று.

மேலெல்லையை முகப்பின் எண்களிலிருந்து ஓரளவு பெறலாம். துருக்கி 1928இல் அரபு எண்களை விட்டு, நாம் இன்று எழுதும் எண் வடிவத்திற்கு மாறியது. எகிப்து போன்ற நாடுகளுக்கு அரபு எண் முகப்புகள் பின்னரும் சென்றதால், எண்களை மட்டும் வைத்து முடிவுகட்டுவது பிழை. ஆனால் கான்ஸ்டாண்டினோபிள் வணிகரின் பெயரும் சேர்ந்திருக்கையில் 1928 ஏற்கத்தக்க எல்லை.

அந்த எண்கள் காட்டிய நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நமக்கு மிக நெருக்கமான செய்தி அது. உஸ்மானியர் நாட்டில் நாள் சூரிய மறைவில் முடிந்தது. மஃரிப் நேரத்தில் கடிகாரம் 12 காட்டவேண்டும். சூரிய மறைவு நாள்தோறும் நகர்வதால் கடிகாரத்தையும் நாள்தோறும் திருத்திவைக்க வேண்டும். அதற்கென்றே பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி முவக்கித்கானா என்னும் நேரக் கணிப்பு அறைகள் இருந்தன. அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்துத் தம் பாக்கெட் கடிகாரங்களை மக்கள் திருத்திக்கொண்டார்கள். துருக்கி இம்முறையை 1925 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் கைவிட்டது. இஸ்தான்பூலில் கோடைக்கும் குளிருக்கும் சூரிய மறைவு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேறுபடும். நம் தமிழகக் கடற்கரையில் அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும். உஸ்மானிய நேரம் வைத்துக்கொள்ள அவர்களைவிட நமக்கே எளிது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். உள்மூடியில் கூரிய முனையால் கீறிய இரு வரிகள் உள்ளன. ஒன்று அரபு எண்களில் 1327. மற்றொன்று கொள்ளுப்பாட்டனாரின் பெயர், அரபுத் தமிழ் எழுத்தில். பழம்பொருள் வணிகர் ஒருவர் 1327ஐக் கண்டதும், சுல்தான் ஐந்தாம் முஹம்மது ரெஷாத் அரியணை ஏறிய ஆண்டு அதுவே, ஆகவே இது அரண்மனை நினைவுப் பரிசு என்றார். அப்படி எழுதி விற்றால் பன்மடங்கு விலை கிடைக்கும் என்றும் சொன்னார். சுல்தான் ரெஷாத் பதவியேற்றது 1909 ஏப்ரலில். ஹிஜ்ரிக் கணக்கில் 1327 என்பதும் உண்மை. உண்மையோடு ஒட்டி நிற்கும் தவறான முடிவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

அரண்மனைப் பரிசென்றால் சுல்தானின் துக்ரா முத்திரை எதிர்பார்க்கத்தக்கது. ஒவ்வொரு சுல்தானுக்கும் தனித் துக்ரா உண்டு. காலம் கணிக்க அதைவிட நல்ல அடையாளம் குறைவு. எங்கள் கடிகாரத்தில் அது எங்கும் இல்லை. மேலும், ஆண்டைக் கீறிய கையும் பெயரைக் கீறிய கையும் ஒன்றே. கோட்டின் ஆழமும் சாய்வும் ஒத்திருக்கின்றன. இஸ்தான்பூல் சிற்பி அரபுத் தமிழில் பெயர் எழுதியிருப்பானா?

ஆண்டைப் பெயர்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. உஸ்மானிய அரசு அலுவல்களில் ரூமி என்னும் சூரிய ஆண்டுக் கணக்கு வழங்கியது. ரூமி 1327 என்றால் 1911 மார்ச்சில் தொடங்கும் ஆண்டு. ஹிஜ்ரி 1327 என்றால் 1909 ஜனவரி முதல் 1910 ஜனவரி வரை. நாணயம் சேர்ப்போர்க்கு இன்னொரு எச்சரிக்கை: சுல்தான் ரெஷாதின் நாணயங்களில் அரியணை ஏறிய 1327ஏ தொடர்ந்து இருக்கும், அடித்த ஆண்டை அறிய, உடன் பொறித்த ஆட்சியாண்டு எண்ணைக் கூட்டிப் பார்க்கவேண்டும். எங்கள் கடிகாரத்தில் எழுதியவர் தமிழகத்து முஸ்லிம். அவருக்கு ரூமிக் கணக்கால் ஆவதொன்றுமில்லை. எனவே ஹிஜ்ரிதான்.

அவ்வாண்டின் ஹஜ் 1909 டிசம்பர் இறுதியில் வந்தது. ஹிஜாஸ் அப்போது உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. மதீனாவிற்கு முந்தைய ஆண்டுதான் ரயில் வந்திருந்தது. கொள்ளுப்பாட்டனார் பம்பாயில் கப்பலேறி ஹஜ் செய்துவந்ததைக் குடும்பத்தில் எல்லாரும் அறிவர். உஸ்மானியச் சந்தைக் கடிகாரம் நம் ஊர் வணிகரின் கைக்கு வர அதைவிட இயல்பான வழியைத் தேடவேண்டியதில்லை. துருக்கியிலிருந்து வந்தது என்ற கதையின் பாதி நிற்கிறது; சுல்தான் மட்டும் விலகிக்கொள்கிறார். எங்களுக்கு இதில் வருத்தமில்லை. தாம் உழைத்த பணத்தில் வாங்கித் தம் பெயரைத் தம் கையால் கீறிக்கொண்ட ஹாஜியாரே எங்களுக்கு உவப்பானவர்.

வணிகர் சொன்ன சொல்லை வைத்து விற்பதற்கு வாரிசுகள் ஒருவரும் இசையவில்லை. பொருளின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கையில், இல்லாத பெருமையை ஏற்றி விற்பதும் அதே கணக்கில்தான் சேரும் என்று பெரிய மாமி சொன்னார்கள். வெள்ளிக் கூடு, ஓடக்கூடிய இயந்திரம், விரிசலற்ற முகப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு இருவரிடம் தனித்தனியே மதிப்பு வாங்கினோம். சுல்தான் இல்லாத அந்த மதிப்பில் பெரிய வாப்பா வாங்கிக்கொண்டார்கள். மாமிமார் இருவரும் தத்தம் பங்கைப் பெற்றார்கள்.

கூட்டை மெருகேற்ற வேண்டாம் என்று மட்டும் எல்லாரும் கேட்டுக்கொண்டோம். மெருகிடும் பசை முதலில் தேய்ப்பது இத்தகைய மெல்லிய கீறல்களையும் முத்திரைகளையுமே. இப்போது அது துணியில் சுற்றிய நிலையில் இல்லை. பெரிய வாப்பா அதற்கு எண்ணெயிடச் செய்து, மஃரிப் பாங்கு கேட்டதும் முட்களை 12இல் நிறுத்திவிட்டுத் தொழுகைக்குச் செல்கிறார்கள். அந்தக் கடிகாரத்தில் இஷா நேரம் ஏறக்குறைய ஒன்றே கால்.