ஊர் வரலாறு: எந்தத் தெருவிலிருந்து பார்ப்பது?

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சோழர்கள் வருவார்கள், நாயக்கர்கள் வருவார்கள், மராத்தியர்கள் வருவார்கள், கடைசியில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஆனால் அதைப் படிக்கும் மாணவனின் சொந்த ஊர் மட்டும் எங்கேயும் வராது. இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர், இந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், குளத்தங்கரையில் நின்ற மண்டபம் எங்கே போனது என்றெல்லாம் தெரிய வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களும் தங்கள் சின்ன வயதில் பார்த்ததையும், தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதையும்தான் சொல்வார்கள். ஆக, ஊர் வரலாறு என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சிறுவயது நினைவுதான். காவிரிப் பாசனப் பகுதியில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. அதே உதாரணம் ஒரு பெரிய சிக்கலையும் காட்டுகிறது.

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ஒரு தொடர் ஆரம்பமானது. பெயர் 'என் சரித்திரம்'. எழுதியவர் உ.வே.சாமிநாதையர், அப்போது அவருக்கு வயது 84! வாரா வாரம் எழுதிக்கொண்டே வந்தார். 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது 122 அத்தியாயங்களோடு தொடர் முடிவுபெறாமல் நின்றுபோனது. 1950-ல் புத்தகமாக வந்தது. சங்க இலக்கியச் சுவடிகளைத் தேடி அவர் அலைந்த கதைக்காகத்தான் பலரும் இந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள். ஆனால் அதன் முன்பகுதி, 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சை கிராமம் ஒன்று எப்படி இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சாட்சி. அரசாங்கத்தார் எழுதிய மாவட்டக் கையேடுகளில் நிலவரி இருக்கும், மழையளவு இருக்கும். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இருக்காது.

முதல் அத்தியாயமே ஊரைப் பற்றியதுதான். ஊர் உத்தமதானபுரம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர், இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் உண்டானதற்கு ஒரு கதை சொல்கிறார். தஞ்சாவூர் அரசர் ஒருவர் சுற்றுப்பயணத்தில் வந்தபோது, அன்று ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட்டாராம். விரதம் கெட்டதே என்று அவர் வருந்த, அதற்குப் பரிகாரமாக ஓர் அக்கிரகாரத்தைக் கட்டி வேதம் படித்த அந்தணர்களுக்கு வீடும் நிலமும் தானம் செய்யலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். 48 வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்று கட்டிக் கொடுத்தாராம். உத்தமமான தானம், அதனால் உத்தமதானபுரம்.

ஒரு வெற்றிலைச் சுருளால் ஓர் ஊரே உண்டானது என்பதை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்ற விவரம், அந்தத் தெருவில் ஓடி விளையாடிய பையனுக்குத்தான் ஞாபகம் இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடம், மணலில் எழுதிப் பழகிவிட்டு ஓலைக்குப் போவது, நில வருமானம் போதாமல் சங்கீத வித்துவானான அப்பா ஊர் ஊராகக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனது, ஆதரித்த மனிதர்கள் என்று எல்லாம் பெயரோடும் ஊரோடும் வருகின்றன. கடைசியில் பதினாறு வயதில், 1871-ல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்கிறார். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுபது வருஷம் முன்னால் நடந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது ஆச்சரியம்தான்.

இதே சமயத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். 1939-ல் ஃப்ளோரா தாம்சன் என்ற பெண்மணி 'லார்க் ரைஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தில் 1880-களில் தான் வளர்ந்த கதையைத்தான் ஊர்ப் பெயரை மாற்றி எழுதினார். நம் உ.வே.சா. தொடருக்குச் சற்று முன்னால்தான்! இரண்டு பேருமே வயதான காலத்தில் சின்ன வயது ஊரை நினைத்து எழுதினார்கள். இரண்டு ஊர்களுமே ரயிலும் தபாலும் வந்து மாறிக்கொண்டிருந்த ஊர்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஃப்ளோரா ஒரு கல்தச்சரின் மகள். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வயல் கூலிகளின் வீடுகள். வாரத்துக்குச் சில ஷில்லிங் கூலியில் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, கொழுத்த பன்றியை வெட்டும் நாள் எப்படித் திருநாள் ஆனது என்பதை உள்ளே இருந்து எழுதினார். 1870-ல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே கூலிக்காரர் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை பேனாவைப் பிடிக்க முடிந்தது.

தஞ்சாவூரில் 1940-ல் வயல் கூலியின் மகள் எவராவது அப்படி எழுதியிருக்க முடியுமா? இதுதான் கேள்வி.

தஞ்சைப் பகுதியில் எழுத்து இல்லாமல் இல்லை. இங்கே ஆயிரம் வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலின் சுவர்களிலேயே தஞ்சை நகரத் தெருக்களின் விலாசம் இருக்கிறது. கோயில் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவர், இப்போது எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய தபால்காரர் கூட அதைக் கையில் வைத்துக்கொண்டு கடிதம் கொடுத்துவிடலாம். (இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் ஆரம்பித்ததே 1538-ல்தான்!)

அதே கோயிலுக்கு வருமானம் தரவேண்டிய கிராமங்களின் பட்டியலும் சுவரில் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி கிடையாத இடங்களைக் கழித்தால் மீதி இவ்வளவு என்று வேலிக் கணக்கில், மிகச் சின்னப் பின்னம் வரைக்கும் கணக்கு இருக்கிறது. கழிக்கப்பட்ட இடங்கள் எவை? ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு... அவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. சேரி என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் குடியிருப்பு என்றுதான் பொருள், பிராமண ஊர்களில்கூடச் சேரிகள் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எந்தச் சேரி எங்கே என்பது அப்போதே தனியாகப் பிரிந்துவிட்டது. ஆடுமகளிர் 400 பேருக்குப் பெயரும் வீட்டு எண்ணும் உண்டு. அந்த ஊர்களில் சேற்றில் இறங்கி நெல் விளைத்தவர்களுக்குக் கழித்துவிட்ட நிலத்தின் அளவு மட்டும் உண்டு.

அந்த அமைப்பு ஆயிரம் வருஷத்துக்கு அதிகம் மாறவில்லை. அக்கிரகாரம், அதை அடுத்துக் குடியானத் தெருக்கள், நடுவில் வயல், வயலுக்கு அப்பால் சேரி. சேரிப் பிள்ளைகள் அக்கிரகாரத் தெருவில் நடக்கக் கூடாது. அக்கிரகாரத்துப் பிள்ளைகளோ சேரிப் பக்கம் எட்டிப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு குழந்தைகளுக்கு, ஒரே ஊரைப் பற்றி இரண்டு வேறு ஞாபகங்கள்.

நெல்லை அளக்கும் கணக்கிலேயே இது தெரிந்துவிடும். மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு அறுவடை என்றால் கலக்கணக்கில் வண்டியில் வந்து இறங்கும் நெல், நிரம்பும் பத்தாயம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கோ நெல் என்றால் படி. அம்மா மாலையில் முந்தானையில் கட்டிக்கொண்டு வரும் கூலி நெல்லைக் குத்தினால்தான் இரவுச் சாப்பாடு. அந்தப் பிள்ளை ஏழெட்டு வயதில் பண்ணை மாடுகளை மேய்க்கப் போய்விடும். பள்ளிக்கூடம் எங்கே போவது? அந்தப் பையனுக்கும் எவ்வளவோ தெரியும். எந்த வரப்பில் நண்டு வளை இருக்கும், எந்த மடையை எப்போது திறப்பார்கள், ஒவ்வொரு வயலுக்கும் என்ன பெயர் என்று எல்லாம் தெரியும். எழுதி வைக்கத்தான் வழியில்லை.

1943-ல் பி.சீனிவாச ராவ் தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டத் தொடங்கினார். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கீழத்தஞ்சையில் பேசுகிறவர்கள் முதலில் சொல்வதும் அந்த இரண்டும் ஒழிந்ததைத்தான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் இரண்டு வரி. ஆனால் 1930-களில் பிறந்த ஒரு சேரிக் குழந்தைக்கு, அப்பா அடி வாங்குவதைப் பார்த்த வயதும், அது நின்றுபோன வயதும் தனித்தனியாக ஞாபகம் இருந்திருக்கும். ஒரு தலைமுறையின் சிறுவயதை இப்படி இரண்டாகப் பிளந்த மாற்றம் இந்தப் பகுதியில் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம், 1934-ல் வந்த மேட்டூர் அணை உட்பட.

வெளியிலிருந்து ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். காத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் வந்து தங்கி ஆராய்ந்தார், மீண்டும் 1976-ல் வந்தார். ஆந்த்ரே பெத்தேல் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய புத்தகம் 1965-ல் வெளியாகி உலகம் முழுவதும் பாடமாக வைக்கப்பட்டது. பெத்தேல் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்று அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியாளரானாலும் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது விஷயமாகிவிடுகிறது, பாருங்கள்! இன்னொரு வேடிக்கை, இருவருமே வழக்கப்படி ஊர்ப் பெயரை மறைத்துவிட்டார்கள். கும்பப்பேட்டை, ஸ்ரீபுரம் என்பவை புனைபெயர்கள். காவிரிப் பகுதியில் மிக விரிவாக எழுதப்பட்ட இரண்டு கிராமங்களின் பிள்ளைகள், அது தங்கள் ஊர் என்று தெரியாமலேயே அந்தப் புத்தகங்களைக் கல்லூரியில் படித்துவிட்டுப் போயிருக்கலாம்.

சேரியிலிருந்து எழுந்த சிறுவயது நினைவுகள் தமிழில் வர 1990-கள் ஆயின. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது, கே.ஏ.குணசேகரனின் 'வடு' 2005-ல் வந்தது. இரண்டுமே தென் மாவட்டங்களைப் பற்றியவை. கீழத்தஞ்சையில் சோலை சுந்தரபெருமாள் வேறு வழியில் போனார். 1999-ல் 'செந்நெல்' நாவலை எழுதினார், பிறகு வெண்மணி மக்கள் வாயால் சொன்னதையே தொகுத்து வாய்மொழி வரலாறாகவும் கொண்டுவந்தார். எழுதத் தெரியாதவர்களின் ஞாபகத்தை வாங்கி வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதற்கு அவசரம் அதிகம். சாமிநாதையரின் ஞாபகம் அச்சில் இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடும் நினைவு இல்லமாக இருக்கிறது. மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு முன்னால் மாடு மேய்த்த பையன் உயிரோடு இருந்தால் அவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். அவர் சொல்லும் வயல் பெயர்கள் பல, நிலம் மனையாகி நகர் என்ற பெயரைத் தாங்கிய இடங்களில் ஏற்கெனவே போய்விட்டன.

வெண்மணி விஷயம் தெரியாதவர்களுக்கு: நாகப்பட்டினம் பகுதியில் உள்ள கீழவெண்மணியில் தொழிலாளர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல் கூலி. சங்கத்தை விட்டுவிடவும் மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, நிலவுடைமையாளர்களின் ஆட்கள் சேரியைத் தாக்கினார்கள். ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் அதற்குள்ளேயே எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வெண்மணியில் இப்போது நினைவிடம் இருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 25 அன்று மக்கள் அங்கே கூடுகிறார்கள். அங்கே உள்ள கல்லில் அந்த 44 பேரின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.