சுத்தமான ஊரில் வந்த காய்ச்சல்

கியூபாவின் தலைநகர் ஹவானா 1899இல் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் வந்தது. மஞ்சள் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். அசுத்தம்தான் காரணம் என்று அன்று நம்பியதால், சுகாதார அதிகாரி கோர்காஸ் தெருத்தெருவாகக் குப்பையை அள்ளச் செய்தார். ஊர் பளிச்சென்று ஆனது. ஆனால் 1900இல் காய்ச்சல் மீண்டும் பலமாகத் தாக்கியது. வசதியானவர்கள் வசித்த சுத்தமான பகுதிகளும் தப்பவில்லை.

விடை அந்த ஊர்க்காரர் ஒருவரிடமே இருந்தது. நோயைப் பரப்புவது கொசு என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லிவிட்டார். எந்த வகைக் கொசு என்பதைக்கூடச் சரியாகச் சொன்னார். நம்பத்தான் ஆளில்லை. அவருடைய சோதனைகளும் கைகொடுக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க ஏறக்குறைய 12 நாள் ஆகும். அவர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

1900இல் வால்டர் ரீட் தலைமையிலான ராணுவ மருத்துவக் குழுவுக்கு ஃபின்லே தன் கொசு முட்டைகளைக் கொடுத்தார். குழுவில் இருந்த ஜெஸ்ஸி லாஸியர் அந்த ஆய்வுக் காலத்திலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பிறகு, நோயாளிகளின் வாந்தி படிந்த படுக்கைகளில் தன்னார்வலர்கள் 20 இரவுகள் தூங்கினார்கள். (நினைத்தாலே குமட்டுகிறது.) ஒருவருக்கும் நோய் வரவில்லை. கொசு கடித்தவர்களுக்கு வந்தது.

அதன் பிறகு கோர்காஸ் தெருவை விட்டு வீட்டுக்குள் புகுந்தார். இந்தக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. குடிப்பதற்குப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடும். 1901 பிப்ரவரி முதல் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பீப்பாய்களுக்கு மூடி போட்டார்கள், தொட்டிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். புழு இருந்தால் அபராதம். வீட்டுக்காரர்கள் முணுமுணுக்காமலா இருந்திருப்பார்கள்? 1902இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஒருவர்கூட இறக்கவில்லை.

1904இல் கோர்காஸ் பனாமா கால்வாய்க்குப் போனார். அங்கே 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியபோது 20,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. அவர்களுடைய ஆஸ்பத்திரியில், எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். கொசு அந்தக் கிண்ணங்களிலேயே வளர்ந்தது.

இந்தியாவுக்கு மஞ்சள் காய்ச்சல் வந்ததில்லை. ஆனால் இங்கே டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது அதே ஏடிஸ் கொசுதான். அடுத்த முறை மாநகராட்சி ஊழியர் மணி அடித்தால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் காட்டுங்கள்.