ஏக்கர் விலையில் ஆலயமும் பள்ளியும்: கான்டர்பரிக் குடியேற்றம் உணர்த்தும் பாடம்

குடியேற்ற நாடுகளில் திருச்சபை வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர், பேராயர்களின் பெயர்களையும் ஆலயங்கள் பிரதிட்டை செய்யப்பட்ட நாட்களையும் கொண்டே பெரும்பாலும் அதனை எழுதியுள்ளனர். அவ்வாலயங்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகிறது. விக்டோரியா அரசியாரின் காலத்தில் நியூசிலாந்தின் தென்தீவில் நிறுவப்பட்ட கான்டர்பரிக் குடியேற்றம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. அங்கே குருவானவரின் ஊழியமும், பிள்ளைகளின் கல்வியும், நிலத்தோடும் கப்பற்பயணத்தோடும் ஒரே விலையில் அடக்கப்பட்டிருந்தன.

மூன்று பவுனின் பங்கீடு

நிலம் மலிவாகக் கிடைக்குமாயின் உழைப்பாளர் விரைவில் நிலவுடைமையாளராகிவிடுவர். கூலிக்கு ஆள் கிடையாது. பண்பட்ட சமுதாயம் உருவாகாது. இது எட்வர்ட் கிப்பன் வேக்பீல்ட் வகுத்த கொள்கை. ஆதலால் நிலத்திற்குப் போதிய விலை விதித்து, அவ்வருவாயைக்கொண்டே உழைப்பாளரை அழைத்துவர வேண்டும் என்றார் அவர். இக்கொள்கையைத் தழுவி, அவரும் ஜான் ராபர்ட் காட்லியும் முன்னின்று 1848இல் கான்டர்பரிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். கான்டர்பரிப் பிரதம பேராயர் ஜான் பேர்ட் சம்னர் அதன் தலைவரானார். இங்கிலாந்துத் திருச்சபையினரின் சமுதாயம் ஒன்றை, அதன் குருமார், பள்ளிகள், ஆலயங்கள் ஆகியவற்றோடு அப்படியே தென்கடலுக்கு அப்பால் நாட்டுவதே கழகத்தின் நோக்கம்.

நிலத்தின் விலை ஏக்கருக்கு 3 பவுன் என விதிக்கப்பட்டது. இதில் 10 ஷில்லிங் நிலத்திற்காகவும், 10 ஷில்லிங் நில அளவை, சாலை முதலிய பணிகளுக்காகவும், 1 பவுன் உழைப்பாளரின் பயணத்திற்காகவும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 1 பவுன் திருச்சபைக்கும் கல்விக்கும் உரியது. நிலம் வாங்கியவர் செலுத்திய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆலயத்திற்கும் பள்ளிக்கும் சென்றது என்பது நோக்கத்தக்கது. இது காணிக்கை அன்று. விலையின் ஒரு பகுதியே.

கழகம் அளித்த பிற வசதிகளும் இவ்வகையினவே. கப்பலில் முதல் வகுப்பு அறை, இடைத்தரம், அடித்தளம் எனக் கட்டணத்திற்கேற்ற இடங்கள் இருந்தன. உதவிப் பயணம் வேண்டிய உழைப்பாளர், தாம் மதுமயக்கமற்றவர், உழைப்பாளி, நேர்மையாளர் எனத் தம் சபைக் குருவானவரிடம் நற்சான்று பெற்றுவர வேண்டும். குருவானவரின் கையொப்பமே ஆள் தேர்வுக்கான முத்திரையாயிற்று. சார்லட் ஜேன், ராண்டால்ப், சர் ஜார்ஜ் சீமோர், கிரஸ்ஸி என்னும் முதல் நான்கு கப்பல்களும் 1850 டிசம்பரில் லிட்டல்டன் துறைமுகத்தை அடைந்தன. இறங்குதுறையும், புதிதாய் வந்தோர் தங்கும் கொட்டகைகளும் முன்னரே கட்டப்பட்டிருந்தன. 1851 ஜனவரி 11ஆம் நாள் லிட்டல்டன் டைம்ஸ் என்னும் செய்தித்தாளும் வெளிவரலாயிற்று.

வாக்குறுதியும் உண்மை நிலையும்

எனினும் விலை கொடுத்தவர்கள் எதிர்பார்த்தவை யாவும் அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. நில விற்பனை கழகம் எண்ணியதைவிட மிகக் குறைந்தது. நில வருவாயையே நம்பியிருந்த பணிகள் யாவும் அதனோடு சேர்ந்து குன்றின. துறைமுகத்திலிருந்து சமவெளிக்குச் செல்லும் சாலையைப் பணமின்மையால் இடையிலே நிறுத்த நேர்ந்தது. குடியேறியோர் செங்குத்தான மலைப்பாதையில் கால்நடையாக ஏறிக் கடந்தனர். கனமான சரக்குகள் படகுகளில் கடல்வழியே சுற்றிச் சென்றன. ஆலயமும் ஆயத்தமாயிருக்கவில்லை. லிட்டல்டனில் முதல் ஆராதனைகள் சரக்குக் கிடங்கொன்றின் மேல்தளத்தில் நடைபெற்றன. கிறைஸ்ட்சர்ச் பேராலயத்தின் மூலைக்கல் 1864இல் நாட்டப்பட்டபோதிலும், கட்டடம் 1904இல்தான் நிறைவுற்றது. இருப்பினும் காலப்போக்கில் குடியேறியோருக்குக் கல்லூரியும், பேராயரும், பங்குகளும் கிடைத்தன. ஹென்றி ஹார்ப்பர் முதற் பேராயராக 1856இல் வந்து சேர்ந்தார்.

மறுபக்கக் கணக்கு

இதுவரை கண்டது கணக்கின் ஒரு பக்கமே. 3 பவுனுக்கு விற்கப்பட்ட நிலம் வெற்று நிலம் அன்று. அது ஙாய் தாஹு என்னும் மாவோரி இனத்தாரின் நாடு. 1848 ஜூன் 12ஆம் நாள் அக்கரோவாவில் எழுதப்பட்ட கெம்ப் பத்திரத்தின் வாயிலாக, ஏறக்குறைய 1 கோடியே 35 லட்சம் ஏக்கர் நிலத்தை அரசு 2,000 பவுனுக்கு வாங்கிற்று. கணக்கிட்டால், ஒரு பெனிக்கு 28 ஏக்கர். கழகம் விற்ற ஓர் ஏக்கரின் விலையோ 720 பெனி.

மாவோரி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது 6,359 ஏக்கர். அதாவது ஆளுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர். அவர்கள் உணவு திரட்டி வந்த இடங்கள், அவர்களுடைய மொழியில் மஹிங்கா காய், அவர்களுக்கே விடப்படும் என்று பத்திரம் கூறியது. ஆனால் அச்சொல்லின் பொருளைப் பின்னர் அதிகாரிகள் மிகவும் சுருக்கிவிட்டனர்.

நிலத்தை அளந்து ஒதுக்கும் பொறுப்பை ஏற்ற வால்டர் மான்டெல் 1856இல் குடியேற்ற அமைச்சகத்திற்கு எழுதிய முறையீடு ஈண்டு கருதத்தக்கது. பள்ளிகளும், நோயாளருக்கு மருத்துவமனைகளும், அரசின் இடையறாத பரிவும் கிடைக்கும் என்று வாக்களித்தே சிறு தொகைக்கு இந்நிலங்களைப் பெற முடிந்தது என்றும், அவ்வாக்கு காக்கப்படவில்லை என்றும் அவர் அறிக்கையிட்டார். அமைச்சர் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. அவர் தம் பதவியைத் துறந்தார்.

இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குவோமாக. குடியேறியோரிடம் பள்ளியின் பெயரால் நிலத்தின் விலை உயர்த்தப்பட்டது. மாவோரி மக்களிடம் பள்ளியின் பெயராலேயே நிலத்தின் விலை தாழ்த்தப்பட்டது. முன்னவருக்குச் சேவை தாமதமாயினும் கிடைத்தது. பின்னவருக்கு அது உரிய காலத்தில் வரவேயில்லை.

அவர்கள் நற்செய்தியை அறியாதவரும் அல்லர். தென்தீவின் கீழ்க்கரையில் வெஸ்லியன் மிஷனரி ஜேம்ஸ் வாட்கின் 1840 முதல் ஊழியம் செய்து வந்தார். ஒதுக்கப்பட்ட நிலம் போதாது என்று 1849இலேயே அரசுக்கு முறையீடு எழுதிய மத்தியாஹா திராமோரெஹு, கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற்ற தலைவர். ஆகவே, ஒரே ஆண்டவரை அறிக்கையிட்ட இரு சாராரில் ஒருவருடைய இழப்பின்மேல் மற்றவருடைய ஆலயம் எழுந்தது.

மத்தியாஹா தொடங்கிய வழக்கு ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. வைத்தாங்கி நடுவர் மன்றம் 1991இல் ஙாய் தாஹு மக்களின் முறையீடுகள் பெரும்பாலும் நியாயமானவை எனக் கண்டது. 1998இல் 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள ஈட்டுடன் தீர்வுச் சட்டம் நிறைவேறிற்று; பிரதமர் ஜெனி ஷிப்லி அக்கரோவாவை அடுத்த ஓனுக்குவிற்குச் சென்று அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

நாம் கற்க வேண்டியது

கழகத்தார் வஞ்சகர் என்று தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆனால் அது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. அவர்களுள் பலர் பக்தியுள்ளோர். குருவானவரும் ஆசிரியரும் இல்லாத இடத்திற்கு ஏழைக் குடும்பங்களை அனுப்பலாகாது என்னும் அவர்களது அக்கறை மெய்யானது. பிழை அக்கறையில் இல்லை; அதன் எல்லையிலே இருந்தது. யாருக்கு ஊழியம் செய்வது என்று மிகக் கவனமாகக் கேட்டவர்கள், யாருடைய செலவில் அதைச் செய்கிறோம் என்று கேளாமல் விட்டனர்.

நாபோத்தின் திராட்சத் தோட்டத்திற்கு ஆகாப் நல்ல விலை தரவும் முன்வந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் எலியா எழுப்பிய வினா விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. ஆலயத்திற்கு இடம் வாங்கும்போதும், பள்ளிக்குக் கட்டடம் எழுப்பும்போதும், நிறுவனச் சொத்துக்களைப் பேணும்போதும், அந்நிலத்தில் முன்பு இருந்தவர் யார், அவருக்கு நாம் வாக்களித்தது என்ன என்று கேட்பது கணக்கர்களின் வேலை மட்டுமன்று. அது மேய்ப்பரின் கடமையுமாகும்.